ஒன்பது நாள் தண்ணீர்: ஒரு பழைய வேட்டி, மூன்று கேன்கள்

போன வருஷம் மே மாதம் ஆறு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்து மாடிக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது கத்தரிச் செடி. இலைகள் பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. தொட்டதும் நொறுங்கின. பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் தலைகீழாக மண்ணில் செருகிய நிலையில் காலியாக நின்றது. மூடியில் ஊசியைக் காய்ச்சித் துளை போட்டு, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு பாட்டிலைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தேன். 14 தொட்டிகளில் ஒன்பது போய்விட்டன. நான்கு வருஷமாக வளர்ந்த மல்லிகை அதில் ஒன்று. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம், தென்காசியில். மே 9 கிளம்பி 18 திரும்ப வேண்டும். கத்திரி வெயில் உச்சத்தில் இருக்கும் நாட்கள். எங்கள் வீடு மதுரையில்; மொட்டை மாடித் தளத்தில் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாது. அத்தையும் எங்களோடு வருகிறார்கள், எதிர்வீட்டுக்காரர்களும் விடுமுறைக்கு வெளியூர். தண்ணீர் ஊற்ற ஆள் கிடையாது. சரி, இந்தத் தடவை கடைசி நாள் அவசரத்தில் எதையும் செய்யக் கூடாது, ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஏப்ரல் முதல் வாரமே இறங்கிவிட்டேன். அந்த ஒரு மாதத்தில் என்னென்ன செய்தேன், எது சொதப்பியது, எது நின்றது என்பதை எழுதி வைக்கிறேன்.

முதல் கேள்வி, ஒரு செடிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? நாம் குத்துமதிப்பாக ஒரு சொம்பு ஊற்றுகிறோம், பாதி அடியில் ஓடிவிடுகிறது. ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் கிடந்தது. ஒரு பழைய துப்பட்டாவைத் தொட்டிக்கு அடியில் தொட்டில் மாதிரி கொடுத்து, தராசில் மாட்டித் தூக்கினோம். ஒன்பதாவது படிக்கும் என் மகன் தூக்குவான், நான் எழுதிக்கொள்வேன். சாயங்காலம் நன்றாகத் தண்ணீர் விட்டு வடிந்த பிறகு ஒரு எடை, மறுநாள் அதே நேரத்தில் ஒரு எடை. குறைந்த கிராம்தான் செடி குடித்ததும் வெயில் குடித்ததும் சேர்ந்த மில்லிலிட்டர். தக்காளிச் செடி நிற்கும் பை 1,100. கத்தரி 980. செம்பருத்தி 850. துளசி 350. கற்றாழை வெறும் 60. பதினான்கையும் கூட்டினால் ஒரு நாளைக்கு 8 லிட்டர் பக்கம் வந்தது. போன வருஷம் ஆறு நாளைக்கு ஒரு பாட்டில் வைத்தது தக்காளிக்கு ஒரு நாள் சாப்பாடுகூட இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

எட்டு லிட்டரைக் குறைக்க முடியுமா என்று பார்த்தேன். மண் மேல் தேங்காய் நாரைப் பரப்பினால் ஈரம் நிற்கும் என்பது தெரிந்ததுதான். ஆனால் உரித்த நாரை அப்படியே போடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு நாள் ஊறப் போட்டேன், தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தத் துவர்ப்பும் உப்பும் செடிக்கு ஆகாது. இரண்டு தடவை தண்ணீர் மாற்றி, பிழிந்து, இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பினேன். அதே தக்காளிப் பை மறுநாள் 1,100க்குப் பதில் 760 கிராம்தான் இழந்தது. எல்லாத் தொட்டிக்கும் போட்ட பிறகு மொத்தம் 6 லிட்டருக்குள் அடங்கியது. ஒன்பது நாளைக்கு 54 லிட்டர். அதாவது 20 லிட்டர் கேன் மூன்று.

தண்ணீர்க் கணக்கு கிடைத்துவிட்டது. அதை ஒன்பது நாளைக்கும் பங்கிட்டுக் கொடுப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

முதலில் மருந்துக்கடையில் குளுக்கோஸ் ஏற்றும் டியூப் ஒன்று புதிதாக வாங்கிப் பார்த்தேன். (ஆஸ்பத்திரியில் ஒருவருக்குப் பயன்படுத்தியதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. அது மருத்துவக் கழிவு. வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது.) அந்த உறையிலேயே 20 சொட்டு ஒரு மில்லி என்று போட்டிருக்கும், அதனால் கணக்கு சுலபம். மூன்று விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நிமிடத்துக்கு ஒரு மில்லி, நாளைக்கு 1,440 மில்லி. தக்காளிக்கு அதில் பாதி போதும், அதனால் ஆறு விநாடிக்கு ஒரு சொட்டு விழுகிற மாதிரி உருளையைத் திருகி வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் பதினைந்து விநாடிக்கு ஒன்று. வாளியில் தண்ணீர் இறங்க இறங்க அழுத்தம் குறைந்து சொட்டும் தளர்ந்துவிடுகிறது. இரண்டாம் நாள் நின்றே போனது. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், அவ்வளவு சின்ன இடுக்கில் அது அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள முடிந்தால் நல்ல முறைதான். ஒன்பது நாள் விட்டுப் போவதற்கு நம்ப முடியாது.

வழி கிடைத்தது சமையலறையில். தண்ணீர் கேனை டிஸ்பென்சர் மேல் கவிழ்த்து வைத்திருப்போம் இல்லையா, ஒரு சொம்பு பிடித்ததும் உள்ளே குமிழி ஏறி 'குளுக்' என்று ஒரு சத்தம் வரும். தினமும் கேட்கிற சத்தம். அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். கேனின் வாய் கீழே நிற்கும் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்வரை மேலிருந்து ஒரு சொட்டும் இறங்காது. கீழே மட்டம் வாயைவிடக் குறைந்தால் ஒரு குமிழி காற்று உள்ளே போகும், அந்த அளவுக்குத் தண்ணீர் வெளியே வரும், வாய் மறுபடி முங்கியதும் நின்றுவிடும். கோழிக்குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த டப்பாவும் இதே வேலையைத்தான் செய்கிறது. கேனில் இருபது லிட்டர் இருந்தாலும் இரண்டு லிட்டர் இருந்தாலும் கீழே மட்டம் ஒன்றுதான். சொட்டு டியூபில் இல்லாத குணம் இதுதான். மட்டம் மாறாத ஒரு தொட்டி கிடைத்துவிட்டால், அதிலிருந்து செடிக்குத் தண்ணீரை ஒரு திரி இழுத்துக்கொடுக்கும், விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி.

திரிக்கு எந்தத் துணி? ஹார்டுவேர் கடையில் புதுப் பருத்திக் கயிறு வாங்கினேன். தண்ணீரில் ஒரு முனையைப் போட்டால் அது மிதந்தது. மேலே ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், தாமரை இலையில் நிற்பதைப் போல உருண்டு நின்றது. பஞ்சில் இயற்கையாகவே ஒரு மெழுகு உண்டு, அது போகாதவரை நூல் தண்ணீரை விரட்டும். வாஷிங் சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்க வைத்து அலசிய பிறகுதான் அந்தக் கயிறு நனைய ஆரம்பித்தது. பிளாஸ்டிக் கயிறு சுத்தமாக இழுக்கவில்லை. பனியன் துணி நன்றாக இழுத்தது, ஆனால் நனைந்ததும் நீண்டு, சுருண்டு, மண்ணுக்குள் செருக வராமல் நழுவியது.

கூடத்தில் இப்படிக் கயிறும் டம்ளருமாகப் பரப்பி வைத்திருந்ததை அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "அதுக்கு எதுக்கும்மா காசு குடுத்து வாங்குற? மாமா வேட்டி இருக்குல்ல" என்றார்கள். மாமா போய் மூன்று வருஷமாகிறது. அவர்களுடைய வேட்டிகள் பீரோவின் கீழ்த்தட்டில் மடித்தபடி இருந்தன. நானாகக் கேட்டிருக்க மாட்டேன். அத்தையே எழுந்து போய், நடுவில் நைந்துபோன ஒரு எட்டு முழத்தை எடுத்து வந்தார்கள். "செடின்னா அவருக்கு உசுரு. இதுக்குப் போனாப் போகட்டும்."

அந்தத் துணியின் குணத்தைச் சொல்ல வேண்டும். வருஷக்கணக்காகத் துவைத்துத் துவைத்துக் கஞ்சியும் மெழுகும் போய், நூலின் பிசிர் எழும்பி, கையில் எடுத்தால் பூப்போல இருந்தது. ஒரு சொட்டு விட்டேன். விழுந்த இடத்திலேயே மறைந்து, கண்முன்னால் வட்டமாக விரிந்தது. ஒரு பட்டையில் பென்சிலால் சென்டிமீட்டர் கோடு போட்டு, நுனியைத் தண்ணீரில் தொட வைத்துத் தொங்கவிட்டேன். (பேனா வேண்டாம், மை ஈரத்தோடு ஏறிக் கலைந்துவிடும்.) ஐந்து நிமிடத்தில் ஈரம் 7 சென்டிமீட்டர் ஏறியது. அரை மணியில் 12. அதற்கு மேல் வேகம் தளர்ந்து, ராத்திரி முழுக்க விட்டதில் 20 வந்தது. அதாவது தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வேரைத் தொட வைத்தால் இந்தத் துணி கொண்டுபோய்ச் சேர்க்கும். அதைவிட உயரத்துக்கு அதை நம்பக் கூடாது.

வேட்டியைக் கத்தரிக்கோல் போட்டு வெட்ட வேண்டாம். விளிம்பில் ஒரு சின்ன வெட்டுக் கொடுத்துவிட்டு இரண்டு கையாலும் கிழித்தால் நூல் போன வழியிலேயே நேராகக் கிழியும். இருபுறமும் கரையை முதலில் கிழித்து எடுத்துவிட்டேன். அந்த ஜரிகைப் பகுதி தண்ணீரை இழுக்காது. மிச்சத்தை ஒரு சாண் அகலத்தில் ஐந்து நீளப் பட்டைகளாகக் கிழித்து, ஒவ்வொன்றையும் ஐந்து துண்டாக்கியதில் 25 திரிகள் வந்தன. ஒவ்வொன்றும் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அவற்றை முறுக்கவில்லை. முறுக்கினால் இழைகளுக்கு நடுவில் இடைவெளி போய்விடும், தண்ணீர் மெதுவாகத்தான் போகும். குழந்தைக்கு முடி பின்னுகிற மாதிரி தளர்வாக மூன்று காலாகப் பின்னி வைத்தேன்.

ஏற்கெனவே செடி நிற்கிற தொட்டிக்குள் திரியை எப்படி நுழைப்பது? மேலிருந்து போட்டால் பையின் உயரமே ஒரு அடி, ஈரம் ஏறாது. அடியில் இருக்கும் வடிகால் துளை வழியாகத்தான் போக வேண்டும். கம்பி, குச்சி எல்லாம் வைத்துக் குத்திப் பார்த்தேன், திரி வெளியிலேயே தங்கிவிட்டது. உடைந்த குடை ஒன்று பரண்மேல் கிடந்தது. குடைக் கம்பியின் நுனியில், துணியைத் தைத்துக் கட்டுவதற்கென்று ஒரு சின்னக் காது இருக்கும். அதில் நூலைக் கோத்து, நூலைத் திரியின் நுனியில் லேசாகக் கட்டி, துளை வழியாக ஒரு விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளினேன். கம்பியை லேசாகத் திருகி இழுத்தால் நூல் நழுவி, திரி உள்ளேயே நின்றுவிடும். ஒரு தொட்டிக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இதுவரை செய்த எல்லா வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த கருவி அந்தக் குடைக் கம்பிதான். எட்டுக் கம்பிகளையும் கழற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அடுத்தது கேன். தண்ணீர் போடுகிறவர் தரும் கேன் அவருக்குத் திருப்பித் தர வேண்டியது, அதைத் தொட முடியாது. பழைய இரும்புக் கடையில் ஒதுக்கிய கேன்கள் கிடந்தன, மூன்று 150 ரூபாய். அதே இடத்தில் உட்காருமிடம் பிளந்த பிளாஸ்டிக் நாற்காலி இரண்டு எடைக்கு வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. கீறல் விழுந்த இடத்தை உள்ளடக்கி, நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக ஆக்சா பிளேடால் அறுத்தால், கேனைத் தலைகீழாக உட்கார வைக்கத் தோதான ஆசனம். தோள் பகுதி ஓட்டையில் பொருந்தி உட்காரும், கழுத்து கீழே தொங்கும். இருபது கிலோ எடை ஆடாமல் நிற்க வேண்டும், அதனால் கைப்பிடியோடு கேனைச் சுற்றி ஒரு சைக்கிள் டியூப் பட்டையால் இறுக்கிக் கட்டினேன்.

மூன்று கேனில் ஒன்று மட்டும் கவிழ்த்த பத்து நிமிடத்தில் குளுக் சத்தமே இல்லாமல் காலியானது. எங்கோ காற்று புகுகிறது. சைக்கிள் கடை அண்ணன் டியூபில் பஞ்சர் பார்க்கிற முறையைத்தான் செய்தேன். வாயில் டியூப் ரப்பரை இழுத்துக் கட்டி, கேன் முழுக்கச் சோப்பு நுரையைத் தடவி, இரண்டு கையாலும் அமுக்கினேன். அடிப்பக்க வளைவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலில் நுரை புசுபுசுவென்று ஊதிக்கொண்டு வந்தது. சாதாரணமாக நிமிர்த்தி வைத்தால் அது சொட்டுச் சொட்டாகக் கசியும், அவ்வளவுதான். கவிழ்த்தால் அடிப்பக்கம் மேலே போய்விடுகிறது, அந்த மயிரிழை ஓட்டை போதும் மொத்தத் தண்ணீரும் இறங்க. பஞ்சர் ஒட்டித் தருவீர்களா என்று கடைக்குக் கொண்டுபோனேன். "சொல்யூஷன் ரப்பர்லதாங்க்கா பிடிக்கும். இதுல போட்டா ரெண்டு நாள்ல உரிஞ்சு வந்துரும். எம்-சீல் வைங்க" என்றார். கீறலை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, எம்-சீல் பிசைந்து அழுத்தி ஒரு நாள் காயவிட்டேன். பிறகு கசியவில்லை. அன்றைக்கு அவர் கிழிந்த டியூப் ஒன்றையும் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

கீழே மட்டம் நிற்பதற்குப் பழைய டிஸ்டெம்பர் வாளி. பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுத்து எடுத்தேன்.

ஏப்ரல் 14, வருஷப் பிறப்பு அன்று முதல் கேனை வைத்தோம். நாற்காலியின் கால் அப்போது முழு நீளம். அதன் அடியில் செங்கல் அடுக்கி, வாளியை முழங்கால் உயரத்தில் வைத்து, திரிகளைத் தரையில் நின்ற தொட்டிகளுக்கு இறக்கிவிட்டேன். தண்ணீர் மேலிருந்து கீழேதானே போகும் என்ற நினைப்பு. காலையில் மாடியே ஈரம். கேனில் 12 லிட்டர் குறைந்து, நான்கு தொட்டியும் அடியில் ஒழுகிக்கொண்டிருந்தன. தக்காளி மண் சேறாகக் கிடந்தது. திரியின் வெளி முனை தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்ந்தால் அது குழாய் மாதிரி ஆகிவிடும். மண் வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அங்கே இடமே இல்லை, ராத்திரி பகல் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எல்லாவற்றையும் தலைகீழாக மாற்ற வேண்டியதாயிற்று. நாற்காலிக் கால்களை அறுத்து ஒரு சாணுக்கும் கீழே இறக்கி, வாளியைத் தரையிலேயே வைத்தேன். கேன் வாய் தரையிலிருந்து 8 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றது, அதுதான் இனி தண்ணீர் மட்டம். தொட்டிகளை இரண்டு செங்கல் உயரத்தில் ஏற்றினேன். இப்போது தண்ணீர் ஏற வேண்டுமானால் மண் இழுக்க வேண்டும். காய்ந்த மண் இழுக்கும், நனைந்த மண் இழுக்காது. செடி தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்கிக்கொள்கிறது. மூன்று நாள் தராசில் தூக்கிப் பார்த்தோம். துளசியின் எடை நூறு கிராம்கூட மாறவில்லை. தக்காளி மட்டும் தினமும் 250 குறைந்தது. இரண்டாவது திரி வைத்ததும் அதுவும் நின்றுவிட்டது. என் மகன் தராசைப் படித்துவிட்டு "அம்மா, நேத்து அதே நம்பர்!" என்று கத்தியது கீழ்வீடு வரை கேட்டிருக்கும்.

திரியை முதல் தடவை வைக்கும்போது அதையும் மண்ணையும் நன்றாக நனைத்துவிட வேண்டும். காய்ந்த திரி தானாக நனைந்து ஏறும் என்று விட்ட ஒரு தொட்டி இரண்டு நாள் வறண்டே கிடந்தது.

ஏப்ரல் 20க்கு மேல்தான் எனக்குப் புரியாத ஒரு தொல்லை வந்தது. கேன் நிறைய இருக்கும்போது மூன்று நாள் ஒழுங்காக வேலை செய்தது. நான்காம் நாள், பாதிக்கு மேல் காலியான பிறகு, மத்தியானம் இரண்டு மணிக்கு வாளி நிரம்பித் தரையில் வழிந்தது. சாயங்காலம் தானாக நின்றது. மறுநாளும் அதே நேரம், அதே வழிதல். திரியைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன், கீறலை மறுபடி நுரை போட்டுப் பார்த்தேன். எதிலும் குறை இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் கேனில் கை வைத்தபோது விளங்கியது. கை சுட்டது. கேனில் பாதி காற்று, வெயிலில் அது விரிகிறது. போதாததற்குச் சூட்டில் தண்ணீர் ஆவியாகி அந்த இடத்தை இன்னும் அடைக்கிறது. இரண்டும் சேர்ந்து கீழே இருக்கும் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளுகின்றன. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலையில் 30 டிகிரி இருக்கும் பத்து லிட்டர் காற்று மத்தியானம் 50 டிகிரிக்குப் போனால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரைத் தள்ளும். அந்தச் சின்ன வாளிக்கு அது அதிகம். கேன் நிறைய இருந்தபோது விரிவதற்குக் காற்றே இல்லை, அதனால்தான் முதல் மூன்று நாள் எதுவும் தெரியவில்லை. போன வருஷத்துப் பாட்டில்களும் பாதியை மண்ணுக்குக் கொடுத்து, மீதியில் கொஞ்சத்தை ஒவ்வொரு மத்தியானமும் இப்படித்தான் கக்கியிருக்கும்.

அப்போ, கேனுக்கு நிழல் வேண்டும். செடிகளுக்கோ வெயில் வேண்டும். எங்கள் மாடியில் படிக்கட்டு அறை ஒன்று நிற்கிறது. வழக்கமாக அதன் வடக்குப் பக்கம் நிழல் என்று துணி ஊறவைக்கும் வாளியை அங்கேதான் வைப்போம். மே மாதத்தில் அது சரிவராது. சித்திரை பிறந்த ஒட்டில் மதுரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதற்கப்புறம் ஆகஸ்ட் கடைசிவரை மத்தியான வெயில் உச்சிக்கு வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். மே நடுவில் எங்கள் படிக்கட்டு அறையின் தெற்குச் சுவரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நேர் வெயில் படுவதே இல்லை. உச்சி வேளையிலும் சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு நிழல் இருக்கிறது. கேனின் அகலம் ஒரு அடிக்கும் குறைவு. மூன்று நாற்காலிகளையும் அந்தச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, தொட்டிகளை முன்னால் அரைவட்டமாகச் சுற்றி வைத்தேன், கும்மியடிக்க நிற்பதைப் போல. கேனுக்கு நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தினேன். வெளிச்சம் படாததால் பாசியும் பிடிக்கவில்லை. வாளியையும் பத்துக்குப் பதில் பதினைந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் புதிதாக அறுத்து வைத்தேன். அதற்குப் பிறகு வழியவே இல்லை.

கொசுவைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இப்படிப்பட்ட நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். இந்த வெயிலில் முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள் போதும். நாங்கள் வீட்டில் இல்லாதது ஒன்பது நாள். மூன்று வாளியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் தெருவுக்கே கேடு. கிழிந்த கொசுவலையைக் கேன் கழுத்துக்கும் வாளிக்கும் நடுவில் பாவாடை மாதிரி சுற்றி, மேலும் கீழும் சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய பட்டையால் இறுக்கினேன். திரிகள் வலைக்கு அடியில் நசுங்காமல் வெளியே வர வேண்டும், அந்த இடத்தில் மட்டும் டியூபைத் தளர்வாக விட்டு ஓரத்தில் பஞ்சை அடைத்தேன். வெளியே வெயிலில் தெரியும் திரிப் பகுதியைப் பழைய தோட்டக் குழாயில் வெட்டிய துண்டுகளுக்குள் நுழைத்துவிட்டேன். இல்லாவிட்டால் தண்ணீர் வழியிலேயே காய்ந்து, எங்கள் போர் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் பூத்துத் திரியை அடைக்கிறது.

பெரிய டிரம்மில் நிற்கும் கறிவேப்பிலைக்கு இந்தத் திரி போதாது. அதற்கு மட்டும் இரண்டு மண் கலயங்களைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பித் தட்டால் மூடினேன். கலயத்தின் உடம்பு வழியாக ஈரம் கசிந்து வேருக்குப் போகும். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டு வேளாண் நூலிலேயே இந்த முறை இருக்கிறது. வர்ணம் பூசிய பானையை வாங்காதீர்கள், கசியாது. தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரத்தில் வெளிப்புறம் வியர்த்தால் அது நல்ல கலயம்.

மே 9 காலை மூன்று கேனையும் நிரப்பிக் கவிழ்த்தோம். கேன் மூடியில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஓட்டை போட்டு மாட்டி, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து திருப்பினால் ஒரு டம்ளர் கூடச் சிந்தாது.

தென்காசியில் இருந்த ஒன்பது நாளும் சாரல் இல்லாத அந்த வெயிலைப் பார்க்கும்போதெல்லாம் மாடி ஞாபகம்தான். 18ஆம் தேதி சாயங்காலம் பெட்டியைக் கூடத்தில் போட்டுவிட்டு நேரே மேலே ஓடினேன். அத்தை முட்டி வலியோடு பின்னாலேயே ஏறி வந்தார்கள். கத்தரியில் இரண்டு புதுப்பூ. துளசி கதிர் விட்டிருந்தது. தக்காளி கொஞ்சம் வாடியிருந்தாலும் காயைப் பிடித்துக்கொண்டிருந்தது. கேன்களில் ஒன்று காலி, மற்ற இரண்டிலும் நான்கு ஐந்து லிட்டர் மிச்சம். கொசுவலைக்குள் ஒரு புழுகூட இல்லை. பதினான்கில் ஒன்றுதான் போனது, போன வருஷம் புதிதாக வைத்த மல்லிகை. அதன் திரியைக் காணவே காணோம். குழாய்த் துண்டு தனியாகக் கிடந்தது, வாளியோரம் நூல் பிசிர். சன்ஷேடு இடுக்கில் அணில் கூடு கட்டியிருந்ததை மறுநாள்தான் பார்த்தோம். வேட்டி நூலை இழை இழையாகக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. அத்தை அதைக் கலைக்க விடவில்லை. மல்லிகைக்கு வேறு பதியன் கொண்டுவந்து வைத்திருக்கிறேன், இந்தத் தடவை திரியின் அடிப்பகுதியையும் குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டேன்.

திரிகளை எடுத்துப் பார்த்தேன். மண்ணுக்குள் இருந்த பகுதி கறுத்திருந்தது, இழுத்தால் அறுபடவில்லை. மூன்று நான்கில் வேர் நுனிகள் துணிக்குள்ளேயே புகுந்து பின்னியிருந்தன, அவற்றைப் பிடுங்காமல் வெளி முனையை மட்டும் வெட்டிவிட்டேன். பருத்தி எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்துகொள்ளத் துளசித் தொட்டியில் ஒன்றை வேண்டுமென்றே விட்டு வைத்தேன். ஏழாவது வாரம் லேசாக இழுத்தபோது மண்ணோடு ஒட்டிய இடத்தில் அறுந்து கையோடு வந்தது. ஆயுத பூஜை விடுமுறைக்கு மறுபடி நான்கு நாள் ஊருக்குப் போகிறோம். மிச்சமிருக்கும் ஐந்து திரியோடு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றேன். அத்தை பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து இன்னொரு நாலு முழத்தை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறார்கள்.